இலவசம் வேறு, அனுமதி வேறு

(நாகமலை புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டற்ற மென்பொருளில் வேதாகமம், அதன் காப்புரிமை, அதற்காக உழைக்கும் தன்னார்வலர்கள் என்று தலைப்பைச் சொன்னதுமே எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆண்டவருடைய வார்த்தைக்கு எந்த மனுஷன் பட்டா போட முடியும்? நியாயமான கேள்விதான். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுதி வைத்தவர்கள் யாரிடமும் உரிமைத்தொகை கேட்டு வரப்போவதில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது எபிரேயமும் அல்ல, கிரேக்கமும் அல்ல. தரங்கம்பாடியிலோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ யாரோ சிலர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் தமிழ்ச் சொல் தேடி எழுதிய மொழிபெயர்ப்பு அது. 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் அதை நாவலையும் கவிதையையும் போல ஓர் இலக்கியப் படைப்பாகத்தான் பார்க்கிறது. எழுதியவர் வாழும் வரைக்கும், அவர் இறந்த அடுத்த ஆண்டின் ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு.

இந்த 60 முன்பு 50ஆக இருந்தது. தாகூர் 1941இல் மறைந்தார். 1991 முடிந்தால் அவர் எழுத்து எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்ற நிலை வந்தபோது அவசர அவசரமாகப் பத்தாண்டு கூட்டினார்கள். தாகூரின் சாந்திநிகேதனுக்காகச் செய்த திருத்தம் தமிழ்ப் புத்தகங்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. 1964இல் இறந்த ஒருவருடைய எழுத்து 2025 ஜனவரி 1 அன்றுதான் விடுபட்டது. கணக்கு அவ்வளவுதான், கடினம் ஒன்றும் இல்லை. கடினம் எங்கே வருகிறது என்றால், "எழுதியவர் யார்?" என்று கேட்கும்போது.

தமிழ் வேதாகமத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1714, 1715 ஆண்டுகளில் அங்கேயே அச்சானது. பழைய ஏற்பாட்டை அவர் முடிக்கவில்லை, 1719இல் இறந்துபோனார். விட்ட இடத்திலிருந்து சுல்ட்சே எடுத்து 1728இல் முடித்தார். அதன்பின் பப்ரிசியஸ், அவருக்குப் பின் பாளையங்கோட்டையில் ரேனியஸ். 1850இல் பெர்சிவல் தலைமையில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பு. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஐக்கியத் திருப்புதல். இன்றும் தமிழ்ச் சபைகளில் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான், பழைய திருப்புதல் என்றும் பவர் திருப்புதல் என்றும் சொல்கிறோம். 1936இல் லார்சனும் ஜி. எஸ். துரைசாமியும் செய்த திருத்திய மொழிபெயர்ப்பு. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து, திண்டிவனத்திலுள்ள விவிலிய மையத்தின் உழைப்போடு கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்.

பட்டியலைக் கேட்டால் ஏதோ வெள்ளைக்காரப் பாதிரிமார் ஆளுக்கொன்று எழுதியது போலத் தோன்றும். யாழ்ப்பாணத்து 1850ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெர்சிவலோடு கூட இருந்து அதன் தமிழைச் செப்பம் செய்தவர் ஆறுமுக நாவலர். சைவத்தின் காவலர் என்று நாம் கொண்டாடுகிற அதே நாவலர்தான். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த இளைஞர் அவர். 1848இல் அங்கிருந்து வெளியேறி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்குகிறார். அவர் கைபட்ட வேதாகமமோ இரண்டு ஆண்டு கழித்து வெளிவருகிறது. அதன் தமிழ் உயரத்தில் நிற்கிறது என்று தமிழ்நாட்டுச் சபைகள் அதை ஏற்கவில்லை என்பது தனிக் கதை. எனக்கு வேண்டியது வேறு. அந்த மொழிபெயர்ப்பைப் பெர்சிவல் மொழிபெயர்ப்பு என்றுதான் உலகம் சொன்னது. இன்றைய சட்டத்தை அன்றைக்கு வைத்துப் பார்த்தால் நாவலருடைய உரிமை எங்கே இருந்திருக்கும்?

சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்வது இது: சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமை வேலை கொடுத்தவருக்கு. சரி. சம்பளம் வாங்காமல் செய்தால்? அப்போது அந்தப் பிரிவு ஒட்டாது. எழுதியவரே முதல் உரிமையாளர். கவனியுங்கள், நம் ஊர் வழக்குக்கு இது நேர் எதிர். "சும்மாதானே செஞ்சு கொடுத்தார், அவருக்கென்ன உரிமை?" என்று நாம் பேசுவோம். சட்டமோ, சும்மா செய்து கொடுத்தவரிடம்தான் உரிமை முழுசாகத் தங்கியிருக்கிறது என்கிறது. பணம் கைமாறவில்லை, காகிதமும் கைமாறவில்லை, ஆகவே உரிமையும் கைமாறவில்லை.

ஒரு சபையில் ஆறு பேர் சேர்ந்து பழைய திருப்புதலை இன்றைய தமிழுக்குத் திருத்துகிறார்கள் என்று வையுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், குருவானவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், இப்படி. எல்லோரும் ஊழியமாகச் செய்கிறார்கள். சபை அதை மென்பொருளில் ஏற்றி உலகத்துக்கே இலவசம் என்று அறிவிக்கிறது. ஒரு கையெழுத்துகூட யாரும் வாங்கவில்லை. சட்டப்படி அந்த உரை கூட்டுப் படைப்பு. ஆறு பேரில் கடைசியாக இறப்பவரின் சாவிலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். இடையில் ஆறு குடும்பங்களின் வாரிசுகளும் பங்காளிகள். நாளைக்கு வேறொரு திட்டம் அந்த உரையை எடுத்துப் பேசும் புத்தகமாக்க விரும்பினால், அனுமதி கேட்டு யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது? சபைக்கு அந்த அனுமதியைத் தர அதிகாரமே இல்லை. நல்ல மனதோடு கொடுத்த உழைப்பு, எழுதி வாங்காத ஒரே காரணத்தால் யாரும் தொட முடியாத பொருளாகிவிடுகிறது.

1936ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்புக்கும் இதே கணக்குத்தான். லார்சன் 1940இல் மறைந்தார். அவர் பங்கு மட்டும் என்றால் 2000ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை, பின்னால் இறந்தவர் யார் என்று பார்த்து அவரிலிருந்துதான் எண்ண வேண்டும். வெளிநாட்டார் பிறந்த தேதியும் இறந்த தேதியும் கலைக்களஞ்சியத்தில் கிடைக்கும். கூட உழைத்த நம்மவர் தேதிக்குக் கல்லறைத் தோட்டம், ஞானஸ்நானப் பதிவேடு என்று அலைய வேண்டும். காப்புரிமை ஆராய்ச்சி என்பதில் பாதி இந்த அலைச்சல்தான்.

இனி மென்பொருளுக்கு வருவோம்.

ஸ்வோர்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. டிராய் கிரிஃபிட்ஸ் 1990களில் தொடங்கியது, கிராஸ்வயர் பைபிள் சொசைட்டி என்ற தன்னார்வக் குழு நடத்துகிறது. வேதாகமத்தைத் தேடவும், பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடவும், அகராதியோடு சேர்த்துப் படிக்கவும் ஒரு நிரல் நூலகத்தை இவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் பைபிள்டைம், சைஃபோஸ் என்று வேறு வேறு குழுக்கள் வேறு வேறு செயலிகளைக் கட்டியிருக்கின்றன. நிரல் முழுவதும் குனு பொது உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். பகிரும்போது அதே சுதந்திரத்தை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நிரல் கட்டற்றது, ஆகவே அதற்குள் திறக்கிற வேதாகமமும் கட்டற்றது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலமாரி உங்களுடையதாக இருக்கலாம், அதில் அடுக்கிய புத்தகம் இரவலாக இருக்கலாம். ஸ்வோர்டில் ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் தனிக் கோப்பு. ஒவ்வொன்றோடும் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு வரும். அதில் உரிமம் என்ன என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பொதுச் சொத்து என்று இருக்கலாம், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தின் பெயர் இருக்கலாம், காப்புரிமை உள்ளது, விநியோகிக்க கிராஸ்வயருக்கு அனுமதி தரப்பட்டுள்ளது என்றும் இருக்கலாம். மூன்றாவது வகையைக் கவனமாகப் படியுங்கள். அனுமதி கிராஸ்வயருக்கு. உங்களுக்கு அல்ல. அங்கிருந்து இறக்கிப் படிக்கலாம், ஆனால் அந்தக் கோப்பை எடுத்து உங்கள் சபைச் செயலியில் ஏற்ற அந்த வரி இடம் தரவில்லை. ஒருவருக்குக் கொடுத்த அனுமதி தானாகக் கைமாறாது. சில உரைகள் பூட்டியே வரும், உரிமையாளரிடம் சாவி எண் பெற்றால்தான் திறக்கும். கட்டற்ற மென்பொருளுக்குள் பூட்டா என்று முகம் சுளிக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் சம்மதிக்காத வரை பூட்டி வைப்பதுதான் நேர்மை.

அந்த அனுமதிக் கடிதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அனுமதி என்பது பெரும்பாலும் தொலைபேசியில் "அதுக்கென்ன தம்பி, தாராளமா போட்டுக்கங்க" என்பதோடு முடிகிறது. 30ஆம் பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் வாங்கிவிட்டீர்கள் என்றே வையுங்கள். "எங்கள் மொழிபெயர்ப்பை உங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ள மகிழ்ச்சியுடன் அனுமதிக்கிறோம், கர்த்தர் உங்கள் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக" என்று அழகான கடிதம், முத்திரையோடு. போதுமா? போதாது. உரிமை மாற்றத்துக்கான 19ஆம் பிரிவு உரிமத்துக்கும் பொருந்தும். அது சொல்கிறது: காலம் எவ்வளவு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ள வேண்டும். அந்த அழகான கடிதம் ஐந்தாம் ஆண்டோடு காலாவதி. டொராண்டோவிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் இறக்கிக்கொண்டால் அது முதல் நாளிலிருந்தே அனுமதியின் எல்லைக்கு வெளியே. ஆசீர்வாதத்துக்கு ஒரு வரி எழுதியவர்கள், "உலகம் முழுவதும், காப்புரிமை உள்ள காலம் முழுவதும், மற்றவர்க்கு வழங்கும் உரிமையோடு" என்று இன்னொரு வரியும் எழுதியிருக்கலாம்.

சரி, அனுமதியே தேவைப்படாத உரையை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையே? உண்மை. பவர் 1885இல் இறந்தார். 1871இன் திருப்புதல் எந்தக் கணக்கில் பார்த்தாலும் பொதுச் சொத்து. ஆனால் இன்று கைபேசிச் செயலியில் பழைய திருப்புதலைத் திறந்து கடைசி வரை போனால், இந்திய வேதாகமச் சங்கத்தின் காப்புரிமைக் குறிப்பு இருக்கும். எப்படி? 1871இல் அச்சான நூலும் இன்று கடையில் வாங்கும் நூலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. இடையில் எழுத்துக்கூட்டல் மாறியது, சந்தி பிரித்தார்கள், நிறுத்தக்குறி இட்டார்கள், பத்திக்குத் தலைப்பு வைத்தார்கள், இணைவசனம் சேர்த்தார்கள். அந்தப் பிற்கால வேலையில் எவ்வளவு புதிய உரிமையை உண்டாக்கும் என்பதுதான் கேள்வி.

இதற்கு நேரான தீர்ப்பு வேதாகமத்தைப் பற்றி இல்லை. பக்கத்தில் வரும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி என்ற சட்டப் பதிப்பகம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்திச் செப்பனிட்டுத் தொகுப்புகளாக வெளியிடுகிறது. அவற்றை எடுத்துக் குறுந்தகடு போட்டவர்கள்மேல் வழக்குத் தொடுத்தது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வியர்வை சிந்தியதற்காக மட்டும் காப்புரிமை கிடையாது, சிறிதளவாவது படைப்புத்திறன் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்துவது, காற்புள்ளி அரைப்புள்ளி இடுவது போன்றவற்றுக்கு உரிமை இல்லை. ஆனால் நீண்ட தீர்ப்பைப் படித்துப் புரிந்து பத்தி பிரித்து எண் கொடுத்ததற்கும், நீதிபதிகளில் யார் உடன்பட்டார், யார் மாறுபட்டார் என்று குறித்ததற்கும் உரிமை உண்டு என்றது.

இதை நம் விஷயத்தில் வைத்து நான் படிக்கிற விதம் இது. பவருடைய வசனம் பொது. அதில் திருத்திய காற்புள்ளிக்கும் பிரித்த சந்திக்கும் தனிப் பட்டா கோருவது கடினம். வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியென் ஜெனீவாவில் புதிய ஏற்பாட்டுக்குப் போட்ட காலத்திலிருந்து வருபவை, அதில் சண்டையே இல்லை. ஆனால் இன்றைய அச்சில் இருக்கிற பத்தித் தலைப்பு, அடிக்குறிப்பு, இணைவசனத் தொகுப்பு இவை யாரோ ஒரு பதிப்பாசிரியர் யோசித்து வைத்தவை. அவற்றைத் தொடாதீர்கள். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஏதோ ஒரு செயலியிலிருந்து முழு உரையையும் நிரல் எழுதி உருவி எடுத்து, தலைப்பும் குறிப்பும் அப்படியே ஒட்டிக்கொண்டு வர, "பொதுச் சொத்து" என்று பெயர் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் செயலியின் பிழைகளும் சேர்ந்தே வந்துவிடும், எங்கிருந்து எடுத்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேதாகமச் சங்கங்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. 1820இல் சென்னையில் துணைச் சங்கம் அமைந்த காலத்திலிருந்து தமிழில் வேதாகமத்தை ஏழைக்கும் எட்டும் விலையில் அச்சிட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, இலவசமாக விட்டால் அச்சுக்கு வரும் பணம் நின்றுபோகும். இரண்டாவது, யார் வேண்டுமானாலும் வசனத்தை மாற்றித் தங்கள் உபதேசத்துக்கு ஏற்றபடி வளைத்து, அதே பெயரில் சுற்றுக்கு விட்டுவிடுவார்கள். முதல் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அது அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. இரண்டாவதற்கு வேறு இடத்தில் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வேர்ல்ட் இங்கிலீஷ் பைபிள் என்று ஒன்று. 1901ஆம் ஆண்டின் அமெரிக்கத் திருத்திய மொழிபெயர்ப்பை எடுத்துத் தன்னார்வலர்கள் இன்றைய ஆங்கிலத்துக்குத் திருத்தினார்கள். உரைக்கு உரிமையே வேண்டாம் என்று பொதுவில் விட்டார்கள். ஆனால் அந்தப் பெயரை வணிகக்குறியாக வைத்துக்கொண்டார்கள். உரையை மாற்றலாம், மாற்றினால் அந்தப் பெயரைப் போடக்கூடாது. உரைக்குத் திறந்த கதவு, பெயருக்குக் காவல். இதை நான் மிகவும் ரசிக்கிறேன். இங்கிலாந்தில் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை 400 ஆண்டு கழித்தும் அரசாணையைக் காட்டி ஓரிரு அச்சகங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழிலேயே ஒரு வழி பிறந்திருக்கிறது. பிரிட்ஜ் கனெக்டிவிட்டி சொல்யூஷன்ஸ் என்ற இந்திய நிறுவனம் 2019இல் ஐ.ஆர்.வி. என்ற தமிழ் மொழிபெயர்ப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. யாரும் நகலெடுக்கலாம், அச்சிட்டு விற்கலாம், திருத்தலாம், செயலியில் போடலாம். யாருடையது என்று சொல்ல வேண்டும், மாற்றினால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், மாற்றிய வடிவத்தையும் இதே உரிமத்தில் விட வேண்டும். தனியாகக் கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதன் நடை பழைய திருப்புதலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதமாக இருக்குமா என்பது வேறு விவாதம். ஒரு கல்லூரி மாணவி தன் விடுதி அறையில் உட்கார்ந்து பார்வையற்றோருக்கான செயலி ஒன்றை எழுத விரும்பினால், இன்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய தற்காலத் தமிழ் உரை அது.

இப்போது தன்னார்வலர் பக்கம். தமிழில் இதற்கு நல்ல முன்னோடி நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம், அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன், இவர்கள் முன்நின்று நடத்த, உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்தார்கள். யூனிகோடு பரவாத காலம், ஒருவர் எழுத்துரு இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த அவதியிலும் அவர்கள் ஒன்றை விடவில்லை. ஒவ்வொரு நூலின் தலையிலும் ஒரு முகப்புப் பக்கம். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார், மின்பதிப்பு ஆக்கியவர் யார் என்று பெயர் சொல்லி நன்றி. கூடவே ஒரு நிபந்தனை, இந்த முகப்பு சிதையாமல் இருக்கும் வரை யாருக்கும் இலவசமாகப் பகிரலாம். வழக்கறிஞர் வைத்து எழுதிய உரிமம் அல்ல அது. ஆனாலும் எந்த நூல் யார் கையால் வந்தது என்று இன்றைக்கும் தேடிப்பிடிக்க முடிகிறது. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. எழுத்தாளரிடம் எந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்கி, அதை நூலுக்குள்ளேயே அச்சிடுகிறார்கள். அட்டை செய்தவர் பெயரும் மின்னூலாக்கியவர் பெயரும் இருக்கும்.

பெயர் போடுவதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். 57ஆம் பிரிவு, எழுதியவர் தன் உரிமையை முழுவதும் விற்றுவிட்டாலும் "இது நான் எழுதியது" என்று சொல்லும் உரிமை அவரை விட்டுப் போகாது என்கிறது. இது சட்டத்துக்கு முன்பே நம்மிடம் இருந்த பழக்கம். இங்கிருந்து கீழக்குயில்குடி பக்கம் போனால் சமணர்மலை. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குறண்டிச் சமணப் பள்ளியின் ஆசிரியர் மாணாக்கர் பெயர்கள் அதில் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் பாறையில் வெட்டி வைத்தார்கள். நாம் கணினியில் ஒரு வரி சேர்க்கச் சோம்பல்படுகிறோம்.

அந்த ஒரு வரியை, லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்கள் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் நிரலைத் திருடி லினக்ஸில் சேர்த்துவிட்டார்கள் என்று எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் 2003இல் வழக்குக்குக் கிளம்பியது. யார் எந்த வரியை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று காட்ட வேண்டிய நெருக்கடி. 2004 முதல், திருத்தம் அனுப்புகிற ஒவ்வொருவரும் "இது என் சொந்த வேலை, அல்லது இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது, இந்த உரிமத்தில் தருகிறேன்" என்ற உறுதிமொழிக்கு அடையாளமாகத் தன் பெயரோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று வைத்தார்கள். வேதாகம மென்பொருளுக்கும் இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

இங்கே பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது, நாகமலை அடிவாரத்தில் கல்லூரி இருக்கிறது, அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது. வேலை செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கூட்டம் முடிந்து யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பவருடைய உரையை எடுப்பதானால் 19ஆம் நூற்றாண்டு அச்சுப் பிரதியிலிருந்து எடுங்கள், செயலியிலிருந்து எடுக்காதீர்கள். எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த நூலகம், எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு அதிகாரத்துக்கும் குறித்து வையுங்கள். பழைய அச்சில் லை, னை, றா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவத்தில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் அங்கே திணறும், தவறாகப் படித்ததைத் துணிந்து சரி என்றும் சொல்லும். ஒரே அதிகாரத்தை இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டச்சு செய்து, கணினியில் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் மூன்றாமவர் அச்சைப் பார்த்துத் தீர்ப்பதுதான் நான் அறிந்தவரை நம்பகமான வழி. அதிக நேரம் பிடிக்கும். லேவியராகமம் வரும்போது பாதிப்பேர் காணாமல் போவார்கள், அதையும் எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்.

தட்டச்சு செய்ததற்காகத் தனி உரிமை இந்தியாவில் இல்லை என்று இப்போதுதானே சொன்னேன், பிறகு எதற்குக் கையெழுத்து என்று கேட்பீர்கள். தட்டச்சோடு யாரும் நிற்பதில்லை. ஒருவர் அருஞ்சொல்லுக்குப் பொருள் எழுதுவார், ஒருவர் அதிகாரத்துக்கு முன்னுரை எழுதுவார், ஒருவர் குரல் கொடுப்பார். அவையெல்லாம் புதிய படைப்புகள். மேலும் எல்லா நாட்டுச் சட்டமும் நம் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நடக்க வேண்டியதில்லை. ஆகவே சேருகிற அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். எந்த உரிமம், உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும், பெயர் எப்படிப் போட வேண்டும். ஊழியத்துக்கு வந்தவரிடம் கையெழுத்து கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். கையெழுத்து கேட்பதால்தான் அவர் கொடுத்தது அவர் நினைத்தபடியே போய்ச் சேரும்.

பழைய மொழிபெயர்ப்பின் உரிமை யாரிடமாவது இருந்து அவர்கள் மனமிரங்கினால், இலவச அனுமதிக் கடிதம் கேட்பதைவிட 21ஆம் பிரிவை நினைவூட்டுங்கள். உரிமையாளர் தன் உரிமையை முழுவதுமோ ஒரு பகுதியோ விட்டுவிடுவதாகப் பதிவாளருக்கோ பொது அறிவிப்பாகவோ தெரிவிக்கலாம். பொது அறிவிப்பு என்ற எளிய வழி 2012 திருத்தத்தில் வந்தது. பாரதியின் எழுத்துக்கு 1949இல் அரசே முன்வந்து உரிமையை வாங்க வேண்டியிருந்தது. இங்கே அரசு தேவையில்லை, ஒரு சபையின் நிர்வாகக் குழுத் தீர்மானமும் ஓர் அறிவிப்பும் போதும்.

கடைசியாக ஒன்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் இந்த வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் விரல் நம்மைவிட வேகம். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அந்தப் பிள்ளை எழுதிய முன்னுரையோ வரைந்த படமோ உங்கள் மென்பொருளில் இருந்தால், அவர் கையெழுத்து மட்டும் போதாது. படிவம் அச்சடிக்கும்போதே பெற்றோர் பெயருக்கும் கையெழுத்துக்கும் கீழே இடம் விட்டு அச்சடியுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.